வலது காலுக்கும் அதே வயசுதானே, டாக்டர்?

பழைய ஜோக் ஒன்று.

“டாக்டர், இடது முட்டி உயிர் போற வலி.”

“என்ன வயசு உங்களுக்கு?”

“65.”

“அப்புறம் என்ன, வயசாச்சுல்ல... அப்படித்தான் இருக்கும்.”

“வலது முட்டிக்கும் அதே 65 வயசுதானே, டாக்டர்? அது பாட்டுக்குச் சும்மா இருக்கே!”

சிரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடாதீர்கள். பெரியவர் கேட்டது ரொம்ப நியாயமான கேள்வி. ஒரே உடம்பு, ஒரே வயசு, ஒரே சாப்பாடு. இருந்தும் ஒரு முட்டி மட்டும் ஏன் மக்கர் செய்கிறது? ஒரே முட்டியிலும் பெரும்பாலும் உள்பக்கம் மட்டும் ஏன் கெட்டுப்போகிறது?

பதிலில் பாதி நாம் நடக்கிற விதத்தில் இருக்கிறது.

வயசுக்கும் எடைக்கும் பங்கு இல்லை என்று சொல்லவில்லை. இருக்கிறது. பரம்பரை, பழைய அடி, பெண்ணாகப் பிறந்தது, எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. ஆனால் அதோடு கணக்கு முடிந்துவிடுவதில்லை. அமெரிக்காவில் ஹார்வர்டு ஆராய்ச்சியாளர்கள் 2017-ல் ஒரு விசித்திரமான வேலை செய்தார்கள். 2,500-க்கும் மேற்பட்டவர்களின் எலும்புக்கூடுகளில் முட்டியை மட்டும் பரிசோதித்தார்கள். ஆதிகால மனிதர்கள், 19-ஆம் நூற்றாண்டுக்காரர்கள், இந்தக் காலத்தவர்கள் என்று மூன்று கோஷ்டி. 20-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து முட்டிவாதம் இரண்டு மடங்காகியிருந்தது. ‘இப்போதுதான் எல்லோரும் அதிக நாள் வாழ்கிறோமே, குண்டாகவும் ஆகிவிட்டோமே’ என்பீர்கள். அந்த இரண்டையும் கழித்துவிட்டுப் பார்த்தாலும் இரண்டு மடங்கு அப்படியே நின்றது! கிழத்தனம் மட்டும் காரணமில்லை என்பதற்கு எலும்புகளே சாட்சி.

அம்மா என்ன டயரா?

நம் வீடுகளில் வழக்கமாக நடப்பது இது. அம்மாவுக்கு முட்டி வலிக்கிறது. எக்ஸ்ரே எடுக்கிறார்கள். ‘தேய்மானம்’ என்றொரு வார்த்தை வீட்டுக்குள் நுழைகிறது. அன்றிலிருந்து அம்மா ஒரு லாரி டயர் ஆகிவிடுகிறார். ஓட ஓடத் தேயும். ஓட்டாமல் ஷெட்டில் நிறுத்தினால் மிச்சமாகும்! காய்கறிக்குப் பையன் போகிறான். கோயிலுக்கு ஆட்டோ. மொட்டை மாடிக்கு 144 தடை உத்தரவு. “ஜவ்வு தேஞ்சு எலும்பும் எலும்பும் உரசுதாம், நீ எங்கேயும் அலையாதேம்மா” என்று மகள் தொலைபேசியில் பாசத்தைக் கொட்டுகிறாள்.

ஆறு மாதம் கழித்துப் பாருங்கள். எடை கூடியிருக்கும். தொடைச் சதை வற்றியிருக்கும். சர்க்கரையும் பிரஷரும் ஏறியிருந்தாலும் ஆச்சரியமில்லை. முட்டி முன்பைவிட அதிகமாக வலிக்கும். வலிப்பதால் நடப்பதில்லை, நடக்காததால் வலிக்கிறது. பாசத்தால் போட்ட இந்த வட்டத்துக்குள் அம்மா மாட்டிக்கொண்டு விடுகிறார்.

தப்பு அந்த ‘தேய்மானம்’ என்ற வார்த்தையில் ஆரம்பிக்கிறது. டயர் ரப்பருக்கு உயிர் இல்லை. முட்டிக்குள் இருக்கும் குருத்தெலும்புக்கு உயிர் உண்டு. தொடை எலும்பின் நுனியிலும் அதற்குக் கீழே இருக்கும் கால் எலும்பின் தலையிலும் வழவழவென்று மூடியிருக்கிற மெத்தை அது. அதற்கு ஒரு விசேஷம் உண்டு. உள்ளே ரத்தக் குழாய் கிடையாது. அப்படியென்றால் சாப்பாடு?

சமையலறை ஸ்பாஞ்சை நினைத்துக்கொள்ளுங்கள். அழுத்தினால் தண்ணீர் வெளியே வரும். விட்டால் உறிஞ்சிக்கொள்ளும். குருத்தெலும்பும் அப்படித்தான். காலை ஊன்றும்போது அழுந்துகிறது, தூக்கும்போது தளர்கிறது. அப்படி அழுந்தித் தளர்வதில்தான் மூட்டுக்குள் இருக்கும் வழவழப்பான திரவம் உள்ளே போய் வந்து அதற்கு ஊட்டம் கொடுக்கிறது. நடை அதற்குச் சாப்பாட்டு பெல் மாதிரி. முதுகுத்தண்டில் அடிபட்டு நடமாட முடியாமல் போனவர்களின் முட்டியை ஸ்கேன் செய்து பார்த்தபோது, அவர்களுடைய குருத்தெலும்பு மெலிந்துகொண்டே போனது தெரிந்தது. பாரமே இல்லாத முட்டி பத்திரமாக இருந்திருக்க வேண்டாமோ?

இன்னொரு விசேஷம், குருத்தெலும்புக்கு நரம்பும் கிடையாது. அதனால் அது வலிக்காது! வலிப்பதெல்லாம் அதன் அக்கம்பக்கத்தார்தான். அடியில் இருக்கும் எலும்பு, மூட்டைச் சுற்றியுள்ள உறை, தசை, தசைநார். எக்ஸ்ரேயும் வலியும் ஒத்துப்போகாமல் இருப்பது இதனால்தான். படத்தில் முட்டி படுமோசமாக இருக்கும்; மனிதர் மாட வீதியை மூன்று சுற்று சுற்றிவிட்டு வருவார். இன்னொருவர் படம் சுமாராகத்தான் இருக்கும். அவரால் கட்டிலை விட்டு எழுந்திருக்க முடியாது. ஆகவே எக்ஸ்ரே கவரைப் பார்த்து ஜாதகம் கணித்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு அடியில் 155 கிலோ

சரி, நடக்கும்போது உள்ளே என்னதான் நடக்கிறது?

எழுந்து நின்று ஒரு காலைத் தூக்குங்கள். (விழுந்துவிடாமல் நாற்காலியைப் பிடித்துக்கொள்ளுங்கள், பத்திரிகை பொறுப்பல்ல.) இப்போது முழு உடம்பும் ஒற்றைக் காலில். நடை என்பதே இந்த ஒற்றைக்கால் தவத்தை மாற்றி மாற்றிச் செய்வதுதான். விசுவாமித்திரர் வருஷக்கணக்கில் செய்ததை நாம் அரை அரை நொடியாகச் செய்கிறோம்.

60 கிலோ மனிதர் என்றால் முட்டியில் 60 கிலோதானே விழும்? அதுதான் இல்லை. முட்டி மடிந்து நாம் உட்கார்ந்துவிடாமல் இருக்க, தொடைச் சதைகள் இழுத்துப் பிடிக்கின்றன. அந்த இழுப்பும் மூட்டின் மேல்தான் விழுகிறது. மூட்டையை வண்டியில் கயிறு போட்டு இறுக்கினால், மூட்டையின் பாரத்தோடு கயிற்றின் இறுக்கமும் சேர்ந்து பலகையை அழுத்துமே, அந்த மாதிரி.

இதை ஊகமாகச் சொல்லவில்லை. பெர்லினில் முட்டி மாற்று ஆபரேஷன் செய்துகொண்ட சிலருக்கு, வைக்கிற செயற்கை மூட்டுக்குள்ளேயே அளவுக் கருவியையும் சிறு வானொலி போன்ற ஒன்றையும் பொருத்தி அனுப்பினார்கள். அவர்கள் நடக்க நடக்க, உள்ளே விழும் பாரத்தை முட்டியே ஒலிபரப்பியது! 2010-ல் வெளியான கணக்கு இது. சமதரையில் நடந்தால் உடம்பு எடையைப் போல் சுமார் 2.6 மடங்கு. மாடிப்படி ஏறினால் 3.2 மடங்கு. இறங்கினால் 3.5 மடங்கு. நம் 60 கிலோ ஆசாமிக்கு ஒவ்வொரு அடிக்கும் 155 கிலோ. படி இறங்கும்போது 200 கிலோவுக்கு மேல்.

படி ஏறுவதைவிட இறங்குவது முட்டிக்கு அதிகப் பாரம் என்பதைக் கவனித்தீர்களா? மூச்சு வாங்குவது ஏறும்போது என்பதால் நாம் ஏறுவதற்கு லிஃப்ட், இறங்குவதற்குப் படி என்று வைத்திருக்கிறோம். பழனியில் விஞ்ச்சில் ஏறி, படியில் இறங்குகிறவர்கள் எத்தனை பேர்! முட்டியைக் கேட்டால், மூச்சும் இதயமும் சம்மதித்தால் மெதுவாகப் படியேறிப் போய் முருகனைப் பார்த்துவிட்டு, திரும்பும்போது விஞ்ச்சைப் பிடி என்று உல்டாவாகச் சொல்லும்.

உள் அறையும் வெளி அறையும்

இப்போது முக்கியமான சமாச்சாரம். முட்டிக்குள் இரண்டு அறைகள். இன்னொரு காலைப் பார்த்தபடி இருப்பது உள் அறை. அந்தப் பக்கம் இருப்பது வெளி அறை. நியாயமாகப் பாரம் இரண்டுக்கும் பாதிப் பாதி போக வேண்டும். போவதில்லை.

காரணம், ஒற்றைக் காலில் நிற்கும்போது நம் உடம்பின் நடு மையம் அந்தக் காலுக்கு நேர் மேலே இல்லை, உள்பக்கமாகத் தள்ளி இருக்கிறது. அதனால் தரையிலிருந்து மேலே வருகிற எதிர்விசை முட்டியின் நடுவில் போகாமல் உள்பக்கமாக ஒதுங்கிப் போகிறது. ஒவ்வொரு அடியிலும் அது முட்டியை வெளிப்பக்கம் வளைக்கப் பார்க்கிறது. உள் அறை நசுங்குகிறது. மொத்தப் பாரத்தில் பாதிக்கு மேல், பெரும்பாலும் மூன்றில் இரண்டு பங்கு வரை, உள் அறையின் தலையில். கூட்டுக் குடும்பத்தில் ஒரு மருமகள் மட்டும் எல்லா வேலையும் செய்கிற கதைதான்!

காலே வில் மாதிரி வெளிப்பக்கம் வளைந்திருந்தால் கேட்கவே வேண்டாம். உள் அறை நசுங்க நசுங்க வளைவு கூடும். வளைவு கூடக் கூட இன்னும் நசுங்கும். 2002-ல் ஜப்பானிய மருத்துவர்கள், முட்டிவாதக்காரர்கள் சிலருக்கு இந்த வளைக்கும் விசையை அளந்துவிட்டு ஆறு வருஷம் கழித்து மறுபடி எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். யாருக்கு அந்த விசை ஆரம்பத்திலேயே அதிகமாக இருந்ததோ, அவர்களுக்குத்தான் நோய் வேகமாக முற்றியிருந்தது. எவ்வளவு நடந்தோம் என்பதோடு எப்படி நடக்கிறோம் என்பதும் சேர்ந்துதான் முட்டியின் தலைவிதி என்று இந்த ஆய்வும் சொன்னது.

ஆடி ஆடி நடக்கும் பாட்டியைக் கேலி செய்யாதீர்கள்

தெருவில் ஒரு பாட்டி, வலது கால் வைக்கும்போது வலப்பக்கமும் இடது கால் வைக்கும்போது இடப்பக்கமும் சாய்ந்து, பெண்டுலம் மாதிரி ஆடி ஆடி வருவார். வாண்டுகள் பின்னாலேயே ‘வாத்து நடை’ நடந்து காட்டும். அந்தப் பாட்டி யாரிடமும் டியூஷன் போகாமல் பௌதிகம் கற்றவர். ஊன்றிய காலின் பக்கம் உடம்பைச் சாய்த்தால், உடம்பின் மையம் அந்தக் காலுக்கு நேர் மேலே வருகிறது. விசை முட்டியின் நடுவுக்கு நகர்கிறது. உள் அறைக்கு ஆசுவாசம். பரிசோதனைக் கூடத்தில் அளந்து பார்த்தும் இதை உறுதி செய்திருக்கிறார்கள்.

ஆனால் இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை. அப்படிச் சாய்ந்து சாய்ந்து நடந்தால் நடக்கிற சிரமம் அதிகம். இடுப்பும் முதுகும் ‘எங்களை ஏன் இழுத்தாய்’ என்று பிறகு கேட்கும். பாட்டிக்கு அதே உபகாரத்தைச் சுலபமாகச் செய்யக்கூடிய ஒரு சாதனம் உண்டு.

கைத்தடி எந்தக் கையில்?

வலது முட்டி வலிக்கிறது. தடியை எந்தக் கையில் பிடிப்பீர்கள்? பத்துப் பேரைக் கேட்டுப் பாருங்கள், முக்கால்வாசிப் பேர் “வலது கையில்தான், அதிலென்ன சந்தேகம்?” என்பார்கள். தப்பு! வலது முட்டி வலித்தால் இடது கை. இடது முட்டி வலித்தால் வலது கை. வலிக்கிற காலும் தடியும் சேர்ந்து முன்னே போக வேண்டும், ஒரே நேரத்தில் ஊன்ற வேண்டும்.

காரணம் மேலே சொன்னதுதான். வலது காலில் நிற்கும்போது உடம்பு இடப்பக்கம் தொங்கிக்கொண்டிருக்கிறது. அந்தப் பக்கம் ஒரு முட்டுக் கொடுத்தால் வலது முட்டியை வளைக்கிற விசை குறையும். வலப்பக்கமே தடியை ஊன்றினால், சாய்கிற சுவருக்கு எதிர்ப்பக்கம் முட்டுக் கொடுத்த கொத்தனார் கதை.

நீளம்? நேராக நின்று கையைத் தொங்கவிட்டால், தடியின் பிடி மணிக்கட்டு மடிப்பின் உயரத்துக்கு இருக்க வேண்டும். நுனியில் ரப்பர் குமிழ் அவசியம். சும்மா அலங்காரத்துக்குத் தொட்டுக்கொண்டு போனால் பிரயோஜனம் இல்லை, கொஞ்சம் பாரத்தை அதன் மேல் இறக்க வேண்டும். பிரேசிலில் 2012-ல் வெளியான ஓர் ஆய்வில், முட்டிவாதக்காரர்களில் ஒரு பாதிப் பேருக்குத் தடி கொடுத்தார்கள், மறுபாதிக்குக் கொடுக்கவில்லை. இரண்டு மாதத்தில் தடிக்காரர்களுக்கு வலி குறைந்தது. ஆரம்பத்தில் தடியோடு நடப்பது அதிகக் களைப்பாக இருந்ததாம். ஒரு மாதத்தில் பழகிவிட்டது. ஆகவே மூன்றாம் நாளே பரணில் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

“தடி எடுத்தா கிழவன்னு சொல்லுவாங்களே சார்!” என்கிறீர்களா? 1930-ல் ஒருவர் கையில் மூங்கில் தடியோடு சபர்மதியிலிருந்து தண்டிவரை சுமார் 385 கிலோமீட்டரை 24 நாளில் நடந்தார். வயது 60. அவரை யாரும் ‘பாவம், முடியாதவர்’ என்று சொன்னதாகத் தெரியவில்லை. பிரிட்டிஷ்காரர்கள் நிச்சயம் சொல்லவில்லை.

ஹை ஹீல்ஸும் ஹவாய் செருப்பும்

1998-ல் அமெரிக்காவில் பெண்களை ஹை ஹீல்ஸ் போட்டு நடக்கவிட்டு அளந்தார்கள். வெறுங்காலோடு நடப்பதைவிட, முட்டியின் உள் அறையை நசுக்கும் விசை 23 சதவிகிதம் கூடியிருந்தது. சரி, குதி உயரமில்லாத சாதாரண ஷூ? 2006-ல் சிகாகோவில் முட்டிவாதக்காரர்களை வைத்துப் பார்த்ததில், அவர்கள் வழக்கமாகப் போடும் ஷூவைக் கழற்றிவிட்டு வெறுங்காலில் நடந்தபோது அந்த விசை சுமார் 12 சதவிகிதம் குறைந்தது. அதே குழு பிறகு பல வகைச் செருப்புகளைப் போட்டுப் பார்த்ததில், நம்ம ஹவாய் செருப்பு கிட்டத்தட்ட வெறுங்கால் மாதிரியே நடந்துகொண்டது!

“அப்பாடா, ஆயிரக்கணக்கில் ஷூ வாங்க வேண்டாம்” என்று குதிப்பதற்குள் கதையின் அடுத்த பாகத்தையும் கேளுங்கள். 2021-ல் ஆஸ்திரேலியாவில் முட்டி வலிக்காரர்களை இரண்டு கோஷ்டியாகப் பிரித்தார்கள். ஒரு கோஷ்டிக்கு மெல்லிய, வளைந்து கொடுக்கும் தட்டை ஷூ. இன்னொன்றுக்குக் காலை நன்றாகத் தாங்கிப் பிடிக்கும் உறுதியான ஷூ. ஆறு மாதம் கழித்து வலி யாருக்கு அதிகம் குறைந்தது? உறுதியான ஷூ கோஷ்டிக்கு! பாரத்தை அளந்தால் ஒரு பதில், வலியை அளந்தால் வேறு பதில்.

வலி வெறும் பௌதிகக் கணக்கு மட்டும் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. இதிலிருந்து நமக்கு வேண்டியது: உயரக் குதி வேண்டாம். காலைப் பிடித்து நிற்கிற, வழுக்காத, குதி தட்டையான செருப்போ ஷூவோ போதும். பட்டை அறுந்த, அடி வழவழத்துப்போன ஹவாயைக் குப்பையில் போடுங்கள், வழுக்கி விழுந்தால் முட்டியோடு இடுப்பும் போகும். சர்க்கரை வியாதிக்காரர்கள் வெறுங்கால் பரிசோதனையே செய்யக்கூடாது.

பாதத்தைத் திருப்பினால் பலன் உண்டா?

உண்டு. 2025-ல் வந்த ஆய்வு ஒன்று முட்டி உலகத்தில் பரபரப்பாகப் பேசப்பட்டது. அமெரிக்காவில் உட்டா, நியூயார்க், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக்காரர்கள் சேர்ந்து செய்தது. உள் அறையில் முட்டிவாதம் உள்ள 68 பேர். ஒவ்வொருவரையும் கேமராக்களுக்கு முன்னால் நடக்கவிட்டு, பாதத்தைக் கொஞ்சம் உள்ளே திருப்பினால் பாரம் குறைகிறதா, வெளியே திருப்பினால் குறைகிறதா என்று தனித்தனியாகக் கணக்குப் போட்டார்கள். பாதிப் பேருக்கு அவரவர்க்கு ஏற்ற கோணத்தைக் கற்றுக்கொடுத்தார்கள். கூடினால் 10 டிகிரி, அவ்வளவுதான். கால் கோணம் தவறினால், முழங்காலுக்குக் கீழே கட்டிய கருவி ‘உர்ர்’ என்று அதிர்ந்து ஞாபகப்படுத்தும். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் வலி குறைந்திருந்தது. ஸ்கேனிலும் குருத்தெலும்பு கெடுகிற வேகம் மட்டுப்பட்டிருந்தது. மாத்திரை இல்லை, கத்தி இல்லை. வெறும் நடை மாற்றம்!

உடனே ஹாலில் பாதத்தைத் திருப்பித் திருப்பி நடக்க ஆரம்பித்துவிட வேண்டாம். ஒருவருக்கு உள்ளே திருப்பினால் நல்லது, இன்னொருவருக்கு வெளியே திருப்பினால் நல்லது. மாற்றிச் செய்தால் பாரம் கூடிவிடும். எதிர்வீட்டு மாமாவுக்குப் பலித்த கோணம் உங்களுக்குப் பலிக்கும் என்று சொல்ல முடியாது. அளந்து பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். தெரிந்துகொள்ள வேண்டியது, நடை என்பது பிறவிக் குணம் இல்லை, 60 வயதிலும் மாற்றிக்கொள்ளக் கூடிய ஒரு பழக்கம்.

5 கிலோவும் 6 லாரியும்

எடையைக் குறையுங்கள் என்று டாக்டர் சொன்னதும் நம் முகம் சுருங்கும். “5 கிலோ குறைஞ்சு என்ன ஆகப்போகுது?” என்போம். கணக்கைப் பாருங்கள்.

அமெரிக்காவில் வட கரோலினாவில் முட்டிவாதக்காரர்களை வைத்து 2005-ல் சொன்ன கணக்கு: உடம்பில் 1 கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடியிலும் முட்டியில் 4 கிலோ பாரம் குறைகிறது. 5 கிலோ குறைத்தால் அடிக்கு 20 கிலோ. ஒரு நாளைக்கு 6,000 அடி நடந்தால் ஒரு முட்டியின் பங்கு 3,000 அடி. பெருக்கிப் பாருங்கள். 60,000 கிலோ! அதாவது 60 டன். பத்து டன் லாரியாக இருந்தால் 6 லாரி லோடு, தினமும், ஒரே முட்டியிலிருந்து இறங்குகிறது. இனி அந்த இரண்டாவது மைசூர்பாக்கை எடுக்கும்போது லாரி ஹாரன் கேட்கட்டும்.

அதே பல்கலைக்கழகத்தின் இன்னொரு பெரிய ஆய்வு 2013-ல் வந்தது. 454 பேர், 18 மாதம். சாப்பாட்டுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் சேர்த்துச் செய்தவர்கள்தான், தனித்தனியாகச் செய்தவர்களைவிட அதிகமாக எடை குறைந்து, அதிகமாக வலியும் குறைந்தார்கள்.

எவ்வளவு நடப்பது?

50 வயதைத் தாண்டிய முட்டிவாதக்காரர்களைப் பல வருஷம் கவனித்த ஆய்வு 2022-ல் அமெரிக்காவில் வெளியானது. ஆரம்பத்தில் அடிக்கடி வலி இல்லாதவர்களில், உடற்பயிற்சியாக நடந்தவர்களுக்குப் பிற்பாடு அடிக்கடி வலி வரும் வாய்ப்பு, நடக்காதவர்களைவிட 40 சதவிகிதம் குறைவு. இது ஒரு கணக்கெடுப்புதான், நிரூபணம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் நடந்தால் முட்டி போய்விடும் என்கிற பயத்துக்கு இது நல்ல மருந்து.

10,000 அடி என்று யாராவது மிரட்டினால் அசராதீர்கள். 2014-ல் பாஸ்டன் ஆய்வு ஒன்று, முட்டிவாதம் உள்ளவர்களும் வரக்கூடியவர்களும் தினமும் சுமார் 6,000 அடி நடந்தால் பிற்காலத்தில் முடங்கிப்போகும் அபாயம் குறைகிறது என்றது. வீட்டுக்குள் அலைவதும் இந்தக் கணக்கில் சேர்த்தி. ஒரே மூச்சில் வேண்டாம். காலையில் 10 நிமிஷம், சாயங்காலம் 10 நிமிஷம் என்று ஆரம்பியுங்கள்.

நடக்கும்போது லேசாக வலித்தால் பயப்பட வேண்டாம். வலி பொறுக்கும்படி இருந்து, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் சரியான அளவு என்று அர்த்தம். மறுநாளும் முட்டி கனத்து வீங்கியிருந்தால் முந்தின நாள் கோட்டா அதிகம். பாதியாகக் குறையுங்கள். நிறுத்தாதீர்கள்.

நடையோடு தொடைக்கும் வேலை கொடுங்கள். கார் ஷாக் அப்சர்பர் மாதிரி அதிர்ச்சியைத் தாங்குவது தொடையின் முன் தசை. அது வற்றினால் எல்லா அதிர்ச்சியும் மூட்டுக்கு நேரே போகும். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேரே நீட்டி 5 எண்ணும் வரை வைத்திருந்து இறக்குங்கள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருங்கள். தலா 10 தடவை. டி.வி. சீரியலில் விளம்பரம் வரும்போது செய்தாலே போதும், விளம்பரத்துக்குப் பஞ்சமா என்ன!

குந்தி உட்காரலாமா?

ஒல்லியானவர்களுக்கு முட்டிவாதம் வராது என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2001-ல் சீனாவின் பெய்ஜிங் பெண்களையும் அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் ஊர்ப் பெண்களையும் ஒப்பிட்டார்கள். சீனப் பெண்கள் ஒல்லி. ஆனாலும் முட்டிவாதம் அவர்களுக்குத்தான் அதிகமாக இருந்தது. தேடிப் போனால் ஒரு முக்கிய காரணம் அகப்பட்டது. வாலிப வயதில் தினமும் மணிக்கணக்கில் குந்தி உட்கார்ந்து வேலை செய்தவர்களுக்குப் பிற்காலத்தில் முட்டிவாதம் அதிகம்.

நம் ஊரில் குந்தி உட்கார்ந்து பாத்திரம் தேய்ப்பவர்கள், துணி துவைப்பவர்கள், நாற்று நடுபவர்கள், பூக்கூடைக்கு முன் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர்கள் எத்தனை பேர்! கொஞ்ச நேரம் குந்துவதில் தப்பில்லை, ஆரோக்கியமான முட்டிக்கு அது பழக்கமானதுதான். மணிக்கணக்கில்தான் ஆபத்து. ஏற்கெனவே வலிக்கிற முட்டிக்கு ஒரு முக்காலி, ஒரு மேடை, ஒரு வெஸ்டர்ன் டாய்லெட் என்பது ஆடம்பரம் இல்லை. மருமகள் நகை கேட்பதற்கு முன் மாமியார் இதைக் கேட்டுவிடலாம்.

படியில் எந்தக் கால் முதலில்?

ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். ‘நல்லது மேலே போகும், பொல்லாதது கீழே போகும்’ என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், புண்ணியமும் ஆச்சு! கைப்பிடியை விடவே கூடாது.

எப்போது டாக்டர்?

முட்டி திடீரென்று வீங்கிச் சிவந்து சுட்டால், கூடவே காய்ச்சல் வந்தால், முட்டி பாதியில் பூட்டிக்கொண்டால், கால் மடங்கி மடங்கி விழப்பார்த்தால், கெண்டைக்கால் வீங்கி வலித்தால், ராத்திரி படுத்தும் வலி விடவில்லை என்றால் இந்தக் கட்டுரையை மூடி வைத்துவிட்டு டாக்டரிடம் போங்கள். முட்டிவாதம் தவிர வேறு எத்தனையோ இருக்கலாம்.

முடவாட்டுக்கால் சூப், பிரண்டைத் துவையல் எல்லாம்? ருசிக்குச் சாப்பிடுங்கள். போன குருத்தெலும்பைத் திரும்ப முளைக்க வைக்கும் என்று நிரூபிக்கப்பட்ட மருந்து எதுவும் எந்த வைத்தியத்திலும் இன்னும் வரவில்லை. அப்படிச் சொல்லிப் பணம் கேட்பவர்களிடம் இருந்து, முட்டி எப்படி இருந்தாலும், வேகமாக நடந்து வந்துவிடுங்கள்.

ஆபரேஷனும் கெட்ட வார்த்தை இல்லை. வாஜ்பாய் பிரதமராக இருந்தபோதே 2000-ல் ஒரு முட்டியையும் 2001-ல் இன்னொன்றையும் மும்பையில் மாற்றிக்கொண்டார், 2004 வரை பிரதமராகவும் தொடர்ந்தார். எல்லா முயற்சியும் செய்து பார்த்து, வலி தூக்கத்தையும் வாழ்க்கையையும் கெடுக்கிறது என்றால் அது நல்ல வழி. ஆனால் புது முட்டி வைத்தவர்களுக்கும் டாக்டர் முதலில் சொல்வது என்ன தெரியுமோ? “எழுந்து நடங்க!” ஆக, முன்னாலும் நடை, பின்னாலும் நடை.

அதனால் இனிமேல் வீட்டில் ‘தேய்மானம்’ என்று யாராவது சொன்னால் திருத்துங்கள். அம்மாவைச் சோபாவில் உட்கார வைத்துத் தாங்குவதைவிட, சாயங்காலம் அவர் வேகத்துக்கு உங்கள் வேகத்தைக் குறைத்துக்கொண்டு தெருமுனைப் பிள்ளையார் கோயில்வரை கூடவே போய் வாருங்கள். தடி எதிர்க் கையில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, இவ்வளவு நேரம் உட்கார்ந்தே படித்தது போதும். நடையைக் கட்டுங்கள்!